லைவ் சாண்டைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள்

தண்ணீர் கலங்கிவிடும் என்று பயந்து, பையில் வந்த லைவ் சாண்டை (கடல்மீன் தொட்டியின் அடியில் போடும், நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும் மணல்) குழாயடியில் அலசிவிட்டு, ஏற்கெனவே மீன்கள் இருக்கிற தொட்டியில் கொட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குளோரின் கலந்த நன்னீர் பட்டால் அதிலுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பகுதி செத்துவிடும். அப்புறம் அது வெறும் மணல்தான். அலசியே ஆகவேண்டுமென்றால், தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய உப்புநீரில் ஒருமுறை லேசாக அலசினால் போதும்.

கொட்டுவதில்தான் சூட்சுமம். பம்புகளை நிறுத்திவிட்டு, ஒரு பிவிசி குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, மேலே புனல் வைத்து, ஒவ்வொரு கப்பாகப் போடுங்கள். மணல் குழாய்க்குள்ளேயே இறங்கிவிடுவதால் கலங்கல் நன்றாகக் குறையும். நான் முதல்முறை அவசரப்பட்டு மேலிருந்து கொட்டி, இரண்டு நாள் பால் நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! பவளம் இருந்தால் அதன்மேல் படிந்த தூளைத் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளிவிடுங்கள். பம்பை ஓடவிட்டதும் ஃபில்டரில் பஞ்சு வையுங்கள், அழுக்கானதும் மாற்றுங்கள்.

பழைய மணலைக் கிளறாதீர்கள். முழுவதையும் ஒரே நாளில் போடாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். இடையிடையே தண்ணீரில் அம்மோனியா (மீன்களுக்கு நஞ்சு) இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். சுழியத்துக்கு மேல் காட்டினால் அடுத்த கப்பை நிறுத்தி வையுங்கள்.