கோப்-2 புரத உறை: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

படிவம் ஆறு மாணவி: ஐயா, கோப்-2 உறை என்பது சரக்கைச் சுற்றும் தாள் மாதிரிதானே?

இல்லம்மா, தாளுக்குச் சரக்கைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. இங்கே சரக்கு என்பது செல்லுக்குள் புதிதாக உருவான புரதம். அதைச் சிறு பையில் ஏற்றி அனுப்பும் உறைதான் கோப்-2. அந்தப் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலையில், முதலில் செக்12 என்ற புரதம் சார்1 என்ற புரதத்தை முடுக்கிவிடும். சார்1 தன் முனையைச் சவ்வுக்குள் செருகும். அதன்மேல் செக்23, செக்24 என்ற புரத ஜோடி வந்து உட்காரும். சரக்கின் அடையாளத்தைப் படிப்பது செக்24. தோட்டத்தில் பழுக்காத குலையை, மேற்பார்க்கும் மண்டோர் லோரியில் ஏற்ற விடமாட்டார் அல்லவா? சரியாக மடியாத புரதமும் பெரும்பாலும் வலையிலேயே நின்றுவிடும். கடைசியில் செக்13, செக்31 சேர்ந்து வெளிக்கூண்டு கட்டும். 60 முதல் 80 நானோமீட்டர் பை பிரிந்து போகும்.

திசையை மாற்றி எழுதிவிடாதே: வலையிலிருந்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கைக்கு கோப்-2, திரும்பி வருவதற்கு கோப்-1.

அவர் வகுப்புத் தோழர்: உறை எப்படிக் கழலும்?

கழற்றும் வேலையும் உறைக்குள்ளேதான் இருக்கிறது தம்பி. சார்1 பிடித்திருக்கும் குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறை உடைக்கத் தூண்டுவது செக்23. செக்31 வந்து சேர்ந்ததும் அந்த வேகம் இன்னும் கூடும். ஆய்வகத்தில் உடையாத போலி மூலக்கூறைக் கொடுத்தால், பை உருவாகும், உறை கழலாது. உறை கழலாத பை கோல்கையோடு இணையாது.

அதே தோழர்: கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜன் 300 நானோமீட்டர் நீளமாச்சே, அந்தச் சிறு பையில் எப்படி அடங்கும்?

நல்ல கேள்வி. டாங்கோ1 புரதம் கொலாஜனைப் பிடித்துக்கொண்டு, உறை சீக்கிரம் மூடிவிடாதபடி பார்த்துக்கொள்ளும். செக்23 புரதத்தின் ஒரு வடிவத்தைத் தரும் செக்23ஏ மரபணு கெட்டால் கொலாஜன் வலையில் தேங்கும். குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் தாமதமாக மூடும், கண்புரையும் வரும்.

தோட்ட மருந்தகப் பணியாளர்: சோகை, லேசான மஞ்சள் காமாலை, பெரிய மண்ணீரல். இரும்பு மாத்திரை கொடுத்தும் பையனுக்கு ரத்தம் ஏறவில்லை.

அண்ணே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் மாத்திரையைத் தொடராதீர்கள். நம் மலேசியாவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா. ஹீமோகுளோபின் பகுப்பாய்வுக்கு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அது இல்லையென்றால், ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை சோகையின் அளவுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத, இரண்டாம் வகைப் பிறவி டிஸ்எரித்ரோபோயெடிக் சோகையும் கணக்கில் வரும். அதற்குக் காரணம், நாம் பேசிய செக்23 புரதத்தின் இன்னொரு வடிவத்தைத் தரும் செக்23பி மரபணு என்று 2009இல் தெரியவந்தது. எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாக வேண்டிய அணுக்கள் பலவற்றில் இரண்டு உட்கரு தெரியும். இந்த நோயில் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். ரத்தமே ஏற்றாத பையனுக்கும் கல்லீரலில் இரும்பு சேரும். அதன்மேல் மாத்திரையும் கொடுப்பது கெடுதல்.

அவரே: பெற்றோருக்கு ஒன்றுமில்லையே?

இருவரிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுது, மற்றது ஈடுகட்டிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் தம்பி தங்கைகளின் ரத்தத்தையும் சோதியுங்கள்.