கோயிலுக்கு மட்டும் ஏன்?

அன்புள்ள ஐயா,

கோயில்களை மட்டும் அரசு தன் கையில் வைத்திருக்கிறது. உண்டியல் பணத்தை எடுத்து மற்ற மதத்தாருக்குச் செலவு செய்கிறது. தேவாலயத்தில் அரசின் செயல் அலுவலர் உட்கார்ந்திருக்கிறாரா? இதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லையே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டியல் விஷயம் தவறு. கோயில் வருமானம் கோயில் கணக்கிலேயே இருக்கிறது. அதிலிருந்து 12 சதவீதம் வரை அறநிலையத் துறைக்குப் பங்களிப்பாகவும், 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமாகவும் போகிறது. முஸ்லிம்களின் அறக்கொடைச் சொத்துகளை (வக்ஃபுகளை) மேற்பார்க்கும் வக்ஃபு வாரியமும் சட்டப்படி அமைந்ததுதான். வக்ஃபுகளும் அதற்குப் பங்கு கட்டுகின்றன.

ஆனால் செயல் அலுவலர் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். நீதிக்கட்சி ஆட்சியில் 1920களில் கோயில் சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கோயில் நிலத்தையும் நகையையும் பொறுப்பில் இருந்தவர்களே விழுங்குகிறார்கள் என்று பக்தர்கள்தான் புகார் சொன்னார்கள். மேற்பார்வை தேவைப்பட்டது, இன்றும் தேவைதான். மேற்பார்வை வேறு, நிர்வாகம் வேறு. சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: முறைகேட்டைச் சரிசெய்ய அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பித் தந்துவிட வேண்டும். நடப்பது என்ன? பல கோயில்களில் அறங்காவலர்களை நியமிக்காமல், அவர்கள் இடத்தில் தக்கார் என்று ஒரு அதிகாரியைப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எந்தக் கட்சி ஆட்சியிலும் இதுதான் கதை. இது எனக்கும் கோபம் வருகிற விஷயம்.

சரி, ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையையும் பாருங்கள். பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு, 1956இல் சீக்கியர்களுக்கு, 1990இல் பௌத்தர்களுக்கு. கிறிஸ்தவரான தலித்துக்கு இன்றும் இல்லை. அவருக்குக் கல்லறையில்கூடத் தனிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சாதி அவரை விடவில்லை, சட்டம் மட்டும் விட்டுவிட்டது. அரசு மதம் பார்த்து நடத்துகிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பட்டியலில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன்.

அப்புறம், உங்கள் ஊர்க் கோயிலில் இப்போது அறங்காவலர் குழு இருக்கிறதா, தக்கார் இருக்கிறாரா? விசாரித்து எழுதுங்கள்.