ஒன்பது மாதக் குழந்தைக்கு மணி பார்த்துப் பால் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுத்துவருகிறேன். பகலில் ஏழெட்டு முறை, இரவில் மூன்று நான்கு முறை குடிக்கிறாள். சாப்பாடு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. ‘இன்னுமா கேட்டபோதெல்லாம் கொடுக்கிறாய்? மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பழக்கினால் நன்றாகச் சாப்பிடுவாள், ராத்திரியும் தூங்குவாள்’ என்கிறார் மாமியார். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. உங்கள் மகளுக்கு இப்போது நேரம் வகுக்க வேண்டியதுதான். ஆனால் பாலுக்கு அல்ல, சாப்பாட்டுக்கு.

மணி பார்த்துப் பால் கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்னால் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையவே கிடையாது என்று தாய்மார்களுக்குப் போதித்தார். 1907இல் அவர் தொடங்கிவைத்த அமைப்பின் வழியே அது பல நாடுகளுக்கும் பரவியது. நானும் பயிற்சிக் காலத்தில் ‘மூன்று மணிக்கொருமுறை’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவன்தான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை அம்மாக்கள் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்களோ!

எல்லோருக்கும் ஒரே இடைவெளி ஏன் பொருந்தாது என்றால், மார்பு ஒரே தடவையில் தேக்கி வைக்கும் பாலின் அளவு தாய்க்குத் தாய் மாறும். ஒருவரிடம் நிறையத் தேங்கும், இன்னொருவரிடம் கொஞ்சம்தான். நாள் முழுவதும் சுரப்பது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் தாயின் குழந்தை ஆறு தடவையில் குடித்து முடிப்பதை மற்றவரின் குழந்தை பத்துத் தடவையாகக் குடிக்கும். மார்பின் அளவை வெளியே பார்த்து இதைக் கணிக்க முடியாது. பால் தேங்கிக் கிடந்தால், ‘போதும்’ என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சமாகத் தேக்கும் தாயிடம் போய் மூன்று மணி நேரம் காத்திரு என்றால், சில வாரங்களில் பால் வற்றத் தொடங்கும். பிறகு ‘எனக்குப் பால் பத்தவில்லை டாக்டர்’ என்று வருவார்.

சரி, ஒன்பது மாதத்தில் என்ன மாறிவிட்டது? நிறைமாதத்தில் பிறந்த குழந்தை வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறாம் மாத வாக்கில் கரையத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அந்த இரண்டு கரண்டிதான் எனக்குக் கவலை, எத்தனை தடவை பால் என்பது அல்ல. சராசரி அளவு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதம் வரை சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகிறது, ஒரு வயது தாண்டினால் 550. அதாவது ஒன்பது மாதத்திலும் பாதிக்கு மேல் பாலிலிருந்துதான். அதைக் குறைக்க அவசரமில்லை. 300-ஐ எட்டத்தான் வழி தேட வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை என்று சாப்பாட்டு நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முந்தைய ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றரை மணி நேரம், பால் வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். மற்ற நேரத்தில் பழையபடி அவள் விருப்பம். தண்ணீராகக் கரைத்து ஊட்டாமல், கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதத்தில் கெட்டியாகக் கொடுங்கள். மசித்த பருப்பு, முட்டை, இறைச்சி போல இரும்பு உள்ளது ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

இன்னொன்று. ‘கேட்கும்போதெல்லாம்’ என்றால் சிணுங்கும்போதெல்லாம் என்று அர்த்தமில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உண்மையில் அழுகை பசியின் கடைசி அறிகுறி, அதற்கு முன்பே அவள் கேட்டிருப்பாள். பிறந்த குழந்தைக்கு எல்லாக் கேள்விக்கும் பால்தான் பதில். ஒன்பது மாதக்காரிக்குச் சலிப்பு உண்டு, தூக்கம் உண்டு, பல் முளைக்கும் குடைச்சல் உண்டு, அம்மா கண்ணில் படவில்லை என்ற பயம் உண்டு. இந்த வயதில் அந்தப் பயம் நன்றாகவே தலைதூக்கும்.

அடுத்த முறை குடிக்கும்போது அவள் தாடையைக் கவனியுங்கள். பசிக்குக் குடித்தால் தாடை ஆழமாக இறங்கும், ஒரு நொடி நிற்கும், ‘க்ளக்’ என்று விழுங்கும் சத்தம் காதருகே கேட்கும். ஆறுதலுக்கு என்றால் மோவாய் லேசாகத் துடிக்கும், விழுங்குவது எப்போதாவதுதான், கை உங்கள் சங்கிலியையோ பொத்தானையோ திருகிக்கொண்டிருக்கும். இதுவும் தப்பில்லை. ஆனால் உங்களுக்கு முடியாதபோது ஒரு மடி, ஒரு விளையாட்டு, ஐந்து நிமிஷம் ஜன்னலோரம் என்று மாற்றிப் பார்க்கலாம். ‘கொஞ்சம் பொறு’ என்பதைத் தாங்கும் வயது வந்துவிட்டது.

மூன்று நாள் மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மணியோடு, பால் கேட்பதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். ஓர் அம்மா எழுதிக் கொண்டுவந்த தாளில் ஐந்து இடங்களில் ‘நான் போனை எடுத்தேன்’ என்று இருந்தது. அவரே சிரித்துவிட்டார்.

இரவைப் பற்றி மாமியாரிடம் மெதுவாக ஒரு செய்தி சொல்லுங்கள். பிரிட்டனில் 6 முதல் 12 மாதக் குழந்தைகளைப் பற்றி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இரவில் ஒரு முறையாவது விழித்தன. பகலில் பாலோ சாப்பாடோ அதிகம் கிடைத்தவை இரவில் பால் கேட்பது குறைந்திருந்தது, விழிப்பது குறையவில்லை. ஆகவே பகலில் வயிறு நிறைந்தால் நான்கு தடவை இரண்டாகக் குறைய வாய்ப்பு உண்டு. விடிய விடியத் தூங்குவாள் என்று நான் வாக்குத் தர மாட்டேன். பகலில் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு, பாதியில் விட்டுவிட்டுப் போய், இரவில் ஈடுகட்டும் குழந்தைகளும் உண்டு. பகலில் ஒன்றிரண்டு முறை அரையிருட்டான, சந்தடியில்லாத அறையில் கொடுத்துப் பாருங்கள்.

வேலைக்குப் போன பிறகு பகல் நேரம் தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். இரண்டு மூன்று முறை பாலைப் பீச்சி எடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். இந்த வயதில் கிண்ணத்திலேயே குடிக்கப் பழக்கலாம், பாட்டில் கட்டாயமில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்ததும் ஒட்டிக்கொள்வாள், அப்போது கேட்டபடி கொடுங்கள். பகலில் பால் கொடுக்கும் தடவைகளைக் குறைப்பதானால் இப்போதே தொடங்கி, நான்கைந்து நாளுக்கு ஒன்று என்று குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். ஆறு மாதம் கடந்துவிட்டதால் பால் கொடுப்பதைக் கருத்தடையாக நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடை ஏறாமல் நின்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை வெளிறி, சோர்ந்து காணப்பட்டாலோ, இரண்டு மூன்று வாரம் முயன்றும் சாப்பாட்டைத் தொடாவிட்டாலோ உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். போகும்போது எடை குறித்த அட்டையோடு அந்த மூன்று நாள் தாளையும் எடுத்துப் போங்கள்.