தங்கை மகளுக்கு மட்டும் சொன்ன ரகசியம்

கேள்வி: நான் ஒரு பெரிய ஆய்வகத்தின் சைட்டாலஜி பிரிவில், அதாவது செல்களைப் பார்த்து நோய் கண்டறியும் பிரிவில், மேற்பார்வையாளர். எனக்குக் கீழே 14 பேர். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் ஸ்மியர் ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. இன்னும் ஏழு மாதத்தில் இது மாறுகிறது. எல்லா மாதிரிக்கும் முதலில் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்ற சோதனை, வைரஸ் இருந்தால் மட்டுமே ஸ்லைடு. நிர்வாகம் ஐந்து மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டது. "இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம்" என்றும் சொன்னது. பேசினால் ஆட்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்களோ என்று எனக்கும் பயம். 31 வருடமாக ஸ்லைடு பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், இதைக் கேட்டால் உடைந்துபோவார். இங்கே எல்லோரும் எனக்குக் குடும்பம் மாதிரி. என் தங்கை மகளும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறாள், அந்த அக்காவிடம்தான் தொழில் கற்றாள், அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மாலிக்யூலர் பயிற்சிக்கு (வைரஸ் சோதனை செய்யக் கற்பது) வந்த நாலு இடத்தில் ஒன்றுக்கு அவள் பெயரை மட்டும் அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் மனம் தளராமல் இந்த மாற்றத்தைக் கடக்க நான் எப்படித் துணை நிற்பது? ஊக்கப் பேச்சாளர் யாரையாவது அழைக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பேச்சாளர் வேண்டாம். வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்து "மாற்றத்தை வரவேற்போம்" என்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

அக்காவின் மனசு, நிர்வாகத்தின் போக்கு, உங்கள் பயம் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நடுவில், இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையில், தங்கை மகள் வந்து போகிறாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

துணை நிற்பது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்களே, உங்களுக்கு அது தெரியும். செய்தே காட்டியிருக்கிறீர்கள். என்ன வரப்போகிறது என்று ஒருத்தியிடம் சொன்னீர்கள். எப்போது வரும் என்று சொன்னீர்கள். எந்தப் பக்கம் போனால் பிழைக்கலாம் என்று கைகாட்டி, பெயரையும் அனுப்பினீர்கள். ஒரு மேற்பார்வையாளர் இதைவிட என்ன செய்ய முடியும்? 14 பேரில் ஒருத்திக்கு மட்டும் செய்தீர்கள், அவ்வளவுதான் பிரச்சினை.

குடும்பத்தைக் குறைத்துப் பேசுகிறவள் அல்ல நான். தங்கை பிள்ளைக்குக் கஷ்டம் வருகிறது என்று தெரிந்தும் பெரியம்மா வாய் மூடி இருந்தால், அவரையும் இதே பத்தியில் திட்டியிருப்பேன். ஆனால் இந்தச் செய்தி பெரியம்மா என்ற முறையிலா உங்கள் காதுக்கு வந்தது? 14 பேருக்குப் பொறுப்பு என்பதால் வந்தது. பொதுவில் வந்ததை வீட்டுக்குள் கொடுத்துவிட்டு, வெளியே நிற்பவர்களைக் "குடும்பம் மாதிரி" என்கிறீர்கள். யார் குடும்பம், யார் "மாதிரி" என்று நீங்களே பிரித்துக் காட்டிவிட்டீர்கள்.

அந்தப் பெண்ணுக்காவது நல்லது செய்தோம் என்று நினைக்காதீர்கள். செல்லின் கருவைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தாலே வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதே, கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்ந்தாலும் அப்படித்தான் தெரியும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்காவாகத்தான் இருக்கும். அவர் இருக்கும் அதே அறையில், அவருடைய பிழைப்பைப் பற்றிய சேதியை விழுங்கிக்கொண்டு தினமும் வேலை பார்க்கிறாள் உங்கள் தங்கை மகள். நாளைக்கு விஷயம் வெளியே வரும்போது யாரும் மெஷின் மேல் கோபப்படப் போவதில்லை. அவள் மேல்தான் கோபப்படுவார்கள். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு வருவோம். அது வெறும் கற்பனை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் நடந்தது. 2016-ல் அறிவித்தார்கள், 2019 கடைசியில்தான் மாற்றம் முடிந்தது. 40-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் எட்டாகச் சுருங்கின. அதற்குள் ஸ்லைடு பார்ப்பவர்கள் பலர் கிளம்பிவிட, இருந்தவர்கள்மேல் வேலை குவிந்து, 14 நாளில் கிடைக்க வேண்டிய முடிவுக்காகப் பெண்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஏன் போனார்கள்? எந்த ஆய்வகம் நிற்கும், எது மூடும், அதில் தனக்கு இடம் உண்டா என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. மாற்றம் வருகிறது என்பதை மட்டும் சொல்லி, "உனக்கு என்ன" என்பதைச் சொல்லாமல் விட்டால் ஆட்கள் போகத்தான் செய்வார்கள். உங்கள் ஆய்வகத்தில் அந்த முதல் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த அக்கா. உடைந்துபோவார் என்கிறீர்கள். 31 வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017-லேயே மாறிவிட்டன. எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை முதல் சோதனையாக வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. அவர் உங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு முடித்திருப்பார். நீங்கள் எப்போது வாய் திறப்பீர்கள் என்றுதான் காத்திருப்பார்.

அவரிடம் சுற்றி வளைக்காமல் பேசுங்கள். ஒரே ஒரு ஸ்லைடை நம்பினால் தப்பவிடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெண்களைத் திரும்பத் திரும்ப வரச் சொன்னோம். வைரஸ் இல்லை என்று சோதனை சொன்னால் ஐந்து வருடம் நிம்மதியாக இருக்கலாம். இதில் அவருடைய கண்ணுக்கு அவமானம் எதுவும் இல்லை. பாப் ஸ்மியருக்குப் பெயர் தந்த மருத்துவர் பாபநிகோலாவ் தன் முறையை 1943-ல் புத்தகமாகப் போட்டபோது இந்த நோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்றே யாருக்கும் தெரியாது. எச்.பி.வி. 16-ஐ ஹெரால்ட் சூர் ஹவுசன் கண்டுபிடித்தது 1983-ல். அத்தனை வருடம் காரணம் தெரியாமலே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவர்கள். அதையும் சொல்லுங்கள். முகஸ்துதியாக வேண்டாம், நடந்தது அதுதான்.

வேலை எவ்வளவு குறையும் என்பதை எண்ணிக்கையில் சொல்லுங்கள். "கொஞ்சம் குறையும்" என்று மழுப்பாதீர்கள். ஸ்லைடு பெருமளவு குறையும். மிஞ்சுவது சுலபமான வேலையும் இல்லை. இதுவரை ஒரு டிரே ஸ்லைடில் பெரும்பாலானவை சாதாரணம். இனி வருகிற ஒவ்வொன்றும் வைரஸ் இருக்கும் பெண்ணுடையது. வைரஸ் இருக்கிறது என்று தெரிந்து பார்க்கிற கண், இல்லாத மாற்றத்தையும் பார்க்கும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும். அங்கே அந்த அக்காவை விட்டால் உங்களுக்கு வேறு ஆள் கிடையாது. பெண்கள் தாங்களாகவே எடுத்து அனுப்பும் மாதிரியையும் நீங்கள் ஏற்கப்போகிறீர்கள் என்றால், அதில் வைரஸ் சோதனைதான் செய்ய முடியும், ஸ்லைடு போட முடியாது. வைரஸ் இருந்தால் அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைக்க வேண்டும். அந்தப் பட்டியலை யார் கையில் வைத்திருப்பார்? தைராய்டில் ஊசி போட்டு எடுக்கும் செல்கள், நுரையீரல் நீர், சிறுநீர் என்று மற்ற சைட்டாலஜிக்கு யார் போகலாம்? மாலிக்யூலர் பக்கம் யாருக்கு விருப்பம்? இதையெல்லாம் 14 பேரோடு உட்கார்ந்து பேச வேண்டிய ஐந்து மாதத்தை வீணடித்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த ஏழு மாதமும் அவர்கள்தான் ஸ்லைடு பார்க்கப்போகிறார்கள். வதந்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, கடன் தவணையை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பார்க்கிற ஸ்லைடு எப்படி இருக்கும்? அது யாரோ ஒரு வீட்டு அம்மாவுடையது. உங்கள் கடமை அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

நிர்வாகம் பேசக் கூடாது என்றது என்பீர்கள். அப்படியானால் தங்கை மகளிடமும் பேசியிருக்கக் கூடாது. ரகசியம் என்றைக்கோ உடைந்துவிட்டது, உடைத்தது நீங்கள். நாளைக் காலையில் நிர்வாகத்திடம் போய் அதை ஒப்புக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், தேதியும் எண்ணிக்கையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கோபப்படுவார்கள். படட்டும்.

கூட்டம் போடும் முன்பு தங்கை மகளைக் கூப்பிட்டு, "உனக்கு முன்கூட்டியே சொன்னதையும் சொல்லப்போகிறேன்" என்று தெரிவித்துவிடுங்கள். அவளே போய் அந்த அக்காவிடம் சொல்ல விரும்பினால் முதலில் அவள் சொல்லட்டும். அவள் பெயரைத் திரும்ப வாங்குங்கள். எல்லோரும் பெயர் கொடுத்த பிறகு, தகுதி இருந்தால் அவளும் வரட்டும்.

நாலு இடத்தில் ஒன்றுக்கு அவள் பெயர் போய்விட்டது என்று எழுதினீர்கள். மற்ற மூன்று இடத்துக்குக் கடைசித் தேதி எது என்று எழுதவில்லையே?