பொது சுகாதாரத்துக்காக அரசு நம் உடம்பில் எவ்வளவு தூரம் தலையிடலாம்?

தடுப்பூசியைக் கட்டாயமாக்குவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில நேரங்களில் நியாயம்தான்.

1902-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. ஊசி போட மறுத்த ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1905-இல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. சரியான தீர்ப்பு என்பேன். பெரியம்மை அவரோடு நிற்காது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும். அவரைப் பிடித்து வைத்து ஊசி குத்தச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடவில்லை.

ஆனால் 1927-இல் அதே தீர்ப்பை மேற்கோள் காட்டித்தான், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா மாநிலத்துக்கு அதே உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அவருக்கு மனவளர்ச்சிக் குறைபாடு என்றார்கள்; அது பரம்பரையாக வருமாம்! அவரிடமிருந்து யாருக்கும் எந்த நோயும் தொற்றப்போவதில்லை. படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. அப்புறம், நம் நாட்டிலேயே நெருக்கடி நிலைக் காலத்தில் கருத்தடைக்கு ஆட்களைப் பலவந்தமாக இழுத்துப் போனதை எப்படி மறப்பது?

அதனால் இரண்டு விஷயம் பார்ப்பேன். மறுப்பவரால் அடுத்தவருக்கு நிஜமாகவே ஆபத்து உண்டா? மறுத்தால் அரசு என்ன செய்யும், அபராதமா, அறுவை சிகிச்சையா? 2022-இல் நம் உச்ச நீதிமன்றமும் கொரோனா தடுப்பூசி வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தொற்று ஆபத்துக்கு ஏற்ற அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றது.