கோபுரம் நடுவில் இருந்தும் படம் கோணலாவது ஏன்?

கேள்வி: கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கோபுரத்தைத் தெருவோடு சேர்த்து மொபைலில் எடுக்கிறேன். கோபுரம் நடுவில்தான் இருக்கிறது. ஆனாலும் படம் ஒருபக்கமாகத் தெரிகிறது, வீட்டுச் சுவர்கள் உள்ளே சாய்கின்றன. எடிட்டிங்கில் நிமிர்த்தினால் கோபுரம் விகாரமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: படத்தின் நடுவில் கோபுரம் இருப்பது வேறு; கோபுரத்தின் நடுக்கோட்டில் நீங்கள் நிற்பது வேறு. நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க வாசலுக்குள் பாருங்கள். நுழைவழியின் இடச்சுவரும் வலச்சுவரும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். எந்தச் சுவர் கூடுதலாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கமாக நகருங்கள். பெரும்பாலும் ஓரிரண்டு அடியில் சரியாகிவிடும். தெருவின் நடுவும் கோபுரத்தின் நடுவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டும் விலகியிருந்தால் கோபுரத்தின் கோட்டையே பிடித்துக்கொண்டு, 2x ஜூம் வைத்துத் தெருவோரங்களைக் குறைத்துவிடுங்கள்.

சுவர்கள் சாய்வதற்குக் காரணம், போனை அண்ணாந்து பிடிப்பது. கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளையும் மட்டக்கோட்டையும் போட்டுக்கொண்டு, போனைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அப்போது உச்சி வெட்டுப்படும். அதற்கு மருந்து, பின்னால் போவது. இந்தக் கோபுரம் 173 அடி, அதாவது ஏறக்குறைய 53 மீட்டர். சாதாரண 1x லென்ஸில் (26 மி.மீ. குவியத்தூரத்துக்கு ஈடானது), போனை நெட்டுவாக்கில் சாய்க்காமல் பிடித்தால், கலசம்வரை அடங்க 80 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாலையாகிவிடும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் கோபுரத்தின் கீழ் நிலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 0.5x-க்குப் போனால் ஓரத்தில் நிற்பவர்கள் இழுபட்டுப் போவார்கள்.

எடிட்டிங்கில் நடப்பது இதுதான்: கோபுரம் இயல்பாகவே மேலே போகப்போகக் குறுகும். அதன் விளிம்பைப் பார்த்து நிமிர்த்தினால் தலை பெருத்துவிடும். மின்கம்பம், வீட்டுச் சுவர், வாசல் நிலை ஆகியவற்றை மட்டும் செங்குத்தாக்குங்கள். திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

சமச்சீரைக் கெடுப்பதில் வெளிச்சத்துக்கும் பங்குண்டு. கிழக்கு மேற்காக ஓடும் சன்னதித் தெருவில், ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை உச்சி வெயில் தெற்கிலிருந்து விழும். வடசரகு (தெருவின் வடக்கு வரிசை) வீடுகள் பளிச்சென்றும், தென்சரகு (தெற்கு வரிசை) வீடுகள் நிழலிலும் இருக்கும். கோடுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கண் ஒருபக்கம் சாயும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதால், முதல் அரைமணி நேரம் இரு சரகுக்கும் ஒரே வெயில் கிடைக்கும். ஆனால் முதுகில் வெயில் பட நின்றால் உங்கள் நிழலே நடுக்கோட்டில் நீளமாக விழும். மரநிழலிலோ பந்தல் நிழலிலோ நின்று எடுங்கள். எங்கள் சிபாரிசு ஐப்பசி மூட்டம்தான். வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், தேங்கிய தண்ணீரும் கிடைக்கும். போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்தால், கோபுரமும் அதன் பிம்பமும் மேலும் கீழுமாக ஒரு சமச்சீர் தரும். மூட்ட வானம் வெளுத்துவிடாமல் கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) −0.7 ஆக்குங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த படம் கட்டட வரைபடம்போல உறைந்து நிற்கக்கூடும். தெருப்படத்துக்கு மனிதர் வேண்டும், அதுவும் ஒருவர் போதும். சட்டகத்தை அமைத்துவிட்டு அசையாமல் காத்திருங்கள். வாசலின் இருட்டுக்கு எதிரே வெள்ளை வேட்டி வரும்போது, கால்கள் அகன்றிருக்கும் கணத்தில் தொடர்ச்சியாக எடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைந்தால் பாதம் கலங்கும். அக்கிரகாரத் திண்ணைத் தூண் வரிசையிலும் இதே முறைதான்: ஆள் தூணோடு ஒட்டாமல், இரு தூண்களுக்கு நடுவில் தனியாகத் தெரிய வேண்டும். திண்ணை வீட்டுக்காரர்களுடையது, கேட்டுவிட்டு எடுங்கள்.