குடியை நிறுத்தினால் முற்றிய ஈரல் நோய் தேறுமா?
வயிறு நீர் கோத்து, கண் மஞ்சளாகி, மருத்துவர் 'சிரோசிஸ்' என்று சொன்ன பிறகு பல வீடுகளில் எழும் கேள்வி இது. நம்பிக்கைக்கு நிச்சயம் இடம் உண்டு.

சிரோசிஸ் என்றால் ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகிப்போவது. குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் எளிதாகப் போக முடியாது. புதர் மண்டிய வாய்க்காலில் தண்ணீர் தேங்கிக் கரை கசிவதைப் போல, அந்த அழுத்தத்தால்தான் வயிற்றில் நீர் சேர்கிறது. குடி நின்றால் ஈரலின் அழற்சி தணியும், அழுத்தம் இறங்கும், மிஞ்சிய நல்ல செல்கள் வேலையை ஏற்கும். இதற்குச் சில மாதங்கள் ஆகும், பொறுக்க வேண்டும். மாத்திரைத் துணையின்றி 12 மாதம் வயிற்று நீரோ மனக்குழப்பமோ ரத்த வாந்தியோ இல்லாமல், ஈரலின் செயல்பாடும் தேறியிருந்தால் அதை மீட்சி என்று 2021-இல் பவேனோ என்ற ஈரல் மருத்துவர்களின் சர்வதேச மாநாட்டில் நிபுணர்கள் வரையறுத்தார்கள். எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. தேறாதவர்கள் ஈரல் மாற்று சிகிச்சை பற்றிச் சீக்கிரமே கேட்பது நல்லது.

தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். அப்புறம், பத்தியம் என்று முட்டை, பருப்பை ஒதுக்காதீர்கள். குறைக்க வேண்டியது உப்பு.

"ரத்தப் பரிசோதனை நார்மல், இனி பீர் மட்டும் குடிக்கலாம்" என்று பலர் நினைப்பது தவறு: பீரிலும் அதே ஆல்கஹால்தான், தழும்பும் உள்ளே அப்படியேதான் இருக்கும்.